பாடும் பங்கும்: வடகடற் காப்பகங்கள் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

நெய்தல் நிலத்தைப் பற்றித் தமிழில் எழுந்த ஆராய்ச்சிகள் பல. அவற்றுட் பெரும்பாலானவை இரங்கல் என்னும் உரிப்பொருளோடு தொடங்கி அதனோடேயே அமைந்துவிடுவன. ஒருவன் வலையிட்ட நீரில் மற்றொருவன் வலையிடலாமா, கரைக்கு உடையவர் யார், ஒரு பருவத்தில் எவ்வளவு மீனை எடுக்கலாம், எதை எடுக்காது விடவேண்டும் என்ற வினாக்கள் இலக்கிய விமரிசகனுக்கு உரியனவல்ல என்று கருதப்பட்டு வந்தமையால், அவை சட்டத்தரணிக்கும் உத்தியோகத்தருக்கும் உயிரியலாளருக்கும் விடப்பட்டன. ஆனால் அவர்கள் எழுதுவனவும் எழுத்துக்களே. வர்த்தமானி அறிவித்தலுக்கும் சொற்றெரிவு உண்டு, கூறுவோன் உண்டு, கூறாது விட்ட பொருளும் உண்டு. 2015 யூன் 22ஆந் திகதி வடமாகாணக் கரையோரங்களைக் குறித்து வெளிவந்த வர்த்தமானி அறிவித்தலையும், அதனைச் சூழ வழங்கும் ‘பங்கேற்பு’ என்னும் பேச்சையும் அந்நோக்கிற் படிக்க முயல்வதே இக்கட்டுரை.

குறித்த தினத்தில், 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ்த் தேசியப் பூங்காக்களாகப் பிரகடனஞ் செய்யப்பட்டவற்றுள் மூன்று கடலோடு தொடர்புடையன. ஆதாம் பாலக் கடல்சார் தேசியப் பூங்கா 18,990 ஹெக்டேயர் பரப்புடையது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட மணற்றிட்டுக்களில் நமது எல்லைக்குட்பட்டவற்றையும் அவற்றைச் சூழ்ந்த நீரையும் உள்ளடக்குவது. சுண்டிக்குளம் 19,565 ஹெக்டேயர். நெடுந்தீவு 1,846 ஹெக்டேயர். இம்மூன்றாவது எண் ஏனையவற்றோடு ஒப்பிடுகையிற் சிறியதாகத் தோன்றும். நெடுந்தீவின் முழுப் பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் என்பதை நினைவிற் கொண்டால், மக்கள் வாழும் ஒரு தீவில் மூன்றிலொன்றுக்கு மேற்பட்ட நிலம் ஒரே அறிவித்தலால் வேறொரு சட்ட நிலைக்கு மாறியமை புலப்படும். இவற்றின் பின்னணியில், 2014இல் வெளியான வடமாகாணத்துக்கான ஒருங்கிணைந்த மூலோபாயச் சூழல் மதிப்பீடு இருந்தது. அது அரசாங்க நிறுவனங்கள் பல ஒன்றுகூடித் தயாரித்த, போருக்குப் பிந்திய அபிவிருத்தி கண்மூடித்தனமாகக் காட்டையும் கரையையும் விழுங்கிவிடக் கூடாது என்னும் நல்ல நோக்கமுடைய ஓர் ஆவணம். அதன் நோக்கத்தை இங்கு ஐயுறவில்லை.

ஐயம் எழுவது, நோக்கம் எவ்வடிவில் எழுத்தாயிற்று என்பதிலேதான். இத்தகைய அறிவித்தல்களின் அமைப்பு யாவரும் அறிந்தது: அதிகாரமளிக்கும் சட்டப் பிரிவு, அமைச்சரின் பெயர், எல்லைகளை விபரிக்கும் அட்டவணை. அவ்வளவே. அட்டவணையில் வடக்கு, கிழக்கு, தெற்கு, மேற்கு உண்டு, மனிதர் இல்லர். சுண்டிக்குளத்தை எடுத்துக்கொள்வோம். குடாநாடு பெருநிலத்தோடு ஒட்டும் கழுத்துப் பகுதியில் அமைந்த அந்நீர்ப்பரப்பு, 1938ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அப்பொழுது அதன் பரப்பு 11,149 ஹெக்டேயர். 2015இல் நிகழ்ந்தது பரப்பு விரிவு மாத்திரமன்று, வகை மாற்றமுமாகும். சரணாலயம் என்பது தனியார் காணியையும் மக்களின் வழமையான நடமாட்டத்தையும் உட்கொண்டிருக்கக் கூடிய வகை. தேசியப் பூங்காவோ அரச நிலத்தில் அமைவது. அங்கு நுழைவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். அவ்வனுமதி அடிப்படையில் விலங்கையும் தாவரத்தையும் பார்ப்பதற்கே உரியது. எனவே, எழுபத்தேழு ஆண்டுகள் பறவைகளின் அயலவனாக இருந்த இறாற்றொழிலாளி, ஒரு சொல் மாறியதும் சட்டத்தின் பார்வையில் அனுமதியின்றி நுழைபவனாக மாறும் நிலை தோன்றுகின்றது. போரினால் இடம்பெயர்ந்து, மீண்டுவந்து, வாடியைத் திரும்பக் கட்டிய சில ஆண்டுகளுக்குள் இது நிகழ்ந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்விடத்தில் ஒரு வரலாற்றுச் செய்தியைத் தவிர்க்க முடியாது. உலகின் வேறிடங்களில் கடலிற் கீறப்படும் கோடு மீனுக்காகக் கீறப்பட்டது என்று தொழிலாளர் நம்பக்கூடும். வடகடலிலோ தடைக் கோடு என்பது போர்க்காலத்துச் சொல். நேரக் கட்டுப்பாடு, தூரக் கட்டுப்பாடு, அனுமதி அட்டை, கடற்படையின் அணைக்கட்டு என்றே ஒரு தலைமுறை அதனை அறிந்தது. இரணைதீவு மக்கள் 1992இல் வெளியேறியவர்கள். 2017 மே மாதத்தில் தொடங்கிய போராட்டத்தின் பின், 2018 ஏப்ரல் 23ஆந் திகதி தாமே வள்ளங்களில் ஏறிச் சென்று தமது மணலில் இறங்கினார்கள். இருபத்தாறு ஆண்டுகள் தமது கடலை அக்கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மக்களிடம், ‘இது உங்கள் நன்மைக்கான தடை’ என்று கூறும் எவரும் முதலில் அந்த நினைவோடு பேசியாக வேண்டும். அறிவித்தலின் வரண்ட நடையில் அதற்கு இடமில்லை.

இக்குறையை நிறைவு செய்வதாகக் கூறிக்கொண்டு வந்ததே ‘பங்கேற்பு’. இன்று எந்தக் கடற்றிட்டமும் அச்சொல் இன்றி அச்சேறுவதில்லை. ஆட்சிமுறை பற்றிய நூல்களில் வரும் கலைச்சொல்லொன்றுக்குத் தமிழ் ஆவணங்கள் ‘பங்குதாரர்’, ‘பங்கீடுபாட்டாளர்’, ‘அக்கறையுடையோர்’ எனப் பலவாறு எழுதுகின்றன. மொழிபெயர்ப்பாளரின் தடுமாற்றம் என்று இதனைத் தள்ளிவிடலாகாது. மூலச் சொல்லிலேயே உள்ள தெளிவின்மைதான் தமிழில் மூன்றாகப் பிளந்து தெரிகின்றது. பங்குதாரர் என்பது கம்பனியின் சொல். பங்கு வாங்கியவன் விற்றுவிட்டும் போகலாம். அக்கறையுடையோர் என்பதோ எவரையும் அடக்கும்: கொழும்பிலிருந்து வரும் சூழலியல் அமைப்பு, சுற்றுலா விடுதி உரிமையாளர், ஏற்றுமதியாளர், கடற்படை, களங்கண்டி கட்டும் பரவைக்கடற் தொழிலாளி, எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி ஒரே வகையான கதிரையில் இருத்தப்படுகின்றனர். சமத்துவம்போலத் தோன்றும் இவ்வேற்பாடு உண்மையிற் சமமின்மையை மறைப்பது. அம்மேசையில் ஒருவருக்கு மாத்திரமே அன்றைய தினம் மீன்பாடு இல்லை.

வேடிக்கை என்னவெனில், கடற்கரைத் தமிழில் ‘பங்கு’ என்னும் சொல் ஏலவே உண்டு. வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிடித்த மீனின் பெறுமதி பிரிக்கப்படும். பங்காளி என்பவன் அன்றைய கடலின் ஆபத்தில் உடன் சென்றவன். வெறும் வலை வந்தால் வெறுங்கையோடு போகிறவன். ஆவணத்துப் பங்குதாரருக்கும் வள்ளத்துப் பங்காளிக்கும் இடையிலுள்ள தூரமே நமது பிரச்சினையின் நீளம் எனலாம்.

அதனிலும் ஆழமான சொல் ‘பாடு’. கரைவலை இழுக்கும் கரைப்பகுதி பாடு எனப்படும். பூநகரிப் பிரதேசத்தில் வலைப்பாடு என்று ஓர் ஊரே இருக்கின்றது. பழவேற்காட்டு ஏரியில், முறைவைத்து வலையிடும் ஏற்பாட்டுக்கே அப்பெயர். பிடிபட்டதன் அளவைக் கூறும் மீன்பாடு என்பதிலும் அதுவே நிற்கின்றது. உழைப்பையும் துன்பத்தையும் ஒருங்கே குறிக்கும் பாடுபடுதல் எல்லாத் தமிழருக்கும் பொது. இடம், முறை, விளைவு, உழைப்பு ஆகிய நான்கும் ஒரு சொல்லில் தங்கியமை தற்செயலாகவும் இருக்கலாம். சொல்லாராய்ச்சியை மட்டும் வைத்துச் சமூகவியல் முடிவு காண்பது நம்மிடையே ஒரு பழைய நோய். எனினும், உரிமையுடையவன் எவன் என்னும் வினாவுக்கு, எவன் எங்கே எப்பொழுது என்ன பாடுபடுகின்றான் என்பதை வைத்து விடைகூறும் ஒரு வழக்கம் இக்கரைகளில் இருந்து வந்தது என்பதற்கு அச்சொல் சான்று.

இவ்வளவோடு நின்றுவிட்டால் இக்கட்டுரையும் பழம்பெருமைக் கட்டுரைகளுள் ஒன்றாகிவிடும். பட்டினப்பாலையில், பரதவர் முழுமதி நாளிற் கடல்மேற் செல்லாது, சுறாக் கொம்பு நட்டு வழிபட்டு, உண்டு ஆடி மகிழ்ந்தமை கூறப்படுகின்றது. இதனை எடுத்துக்கொண்டு ‘ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தமிழர் மீன்பிடித் தடைக்காலம் கண்டனர்’ என்று மேடையிற் கூறுவோர் உளர். அது விழா நாளேயன்றித் தடைக்காலமன்று. மீன் பெருகவேண்டும் என்ற எண்ணம் அப்பாட்டில் எங்கும் இல்லை. அதேபோற் பாட்டு முறையும் மீனைக் காக்கும் முறையாக எழுந்ததன்று. அது மீனைப் பகிரும் முறை. மனிதருக்கிடையே சண்டையைத் தவிர்ப்பது அதன் வேலை. மீனுக்கும் மனிதனுக்கும் இடையிலுள்ள கணக்கை அது பார்ப்பதில்லை.

இவ்வேறுபாட்டுக்கு நமது நாட்டிலிருந்தே உலகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. தங்காலைக்கு அண்மையிலுள்ள மாவெல்ல என்னும் கிராமத்தின் கரைவலைத் தொழிலை ஆராய்ந்த மானிடவியலாளர் போல் அலெக்சாண்டர் 1982இல் வெளியிட்ட நூலில், அங்கு முறை மாற்றி வலையிடும் ஒழுங்கு மிக நுட்பமாக அமைந்திருந்ததைக் காட்டினார். பொதுவளங்களை மக்களே ஆளமுடியும் என்று நிறுவி 2009இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரோம், 1990இல் எழுதிய தமது நூலில் இதே கிராமத்தைத் தோல்விக்கு உதாரணமாக எடுத்தார். காரணம் யாது? முறை நியாயமாகவே நடந்தது. ஆனால் முறைக்கு உரிய வலைகளின் தொகை கூடிக்கொண்டே போயிற்று. தொகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஏட்டில் இருந்தது. செல்வாக்குடையோர் அரசியல்வாதிகள் மூலம் அதனைச் செயலற்றதாக்கினர். நியாயமான முறையில் எல்லாரும் ஏழையாயினர். மக்கள் பங்கேற்பைச் சர்வரோக நிவாரணியாகக் கொள்வோர் இக்கிராமத்தை ஒருமுறை மனத்தால் வலம்வருதல் நன்று.

இன்னொரு குறையும் பாட்டு முறைக்கு உண்டு. அது சாதியாலும் ஊராலும் ஆண்வழியாலும் வகுக்கப்பட்டது. கரையில் நண்டு வலை கழற்றும் பெண்ணுக்கும், மீன் தரம்பிரித்து விற்கும் பெண்ணுக்கும், வள்ளமின்றி முழங்காலளவு நீரில் நடந்து தொழில் செய்பவனுக்கும் அதில் இடமில்லை அல்லது கடையிடமே. இன்று பிரதேச செயலகத்திற் கூடும் கலந்துரையாடலும், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களின் சமாசத் தலைவர்களை அழைத்துவிட்டால் மக்களை அழைத்ததாகவே கருதுகின்றது. பழைய விலக்கும் புதிய பங்கேற்பும் இவ்வாறு கைகோத்துக்கொள்ளும் இடத்தை விமரிசகன் காணாது விடலாகாது. செங்கை ஆழியான் ‘வாடைக்காற்று’ நாவலில் (1973) நெடுந்தீவுக் கரையையும் வாடைப் பருவத்தில் வெளியிலிருந்து வந்து வாடி அமைக்கும் தொழிலாளரையும் களமாகக் கொண்டார். புவியியல் கற்று நிர்வாக சேவையிலும் இருந்த அவருக்கு, கரை என்பது ஊரவர், வந்தவர் என்ற இருசாராரின் உறவிலேயே இயங்குவது என்பது தெரிந்திருந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் அதே தீவுக்கு எழுதப்பட்ட அறிவித்தலில் ஊரவரும் இல்லை, வந்தவரும் இல்லை.

அவ்வாறாயின், பாதுகாப்பு நோக்கமும் மக்கள் பங்கும் ஒன்றுக்கொன்று முரணானவையா? இவ்விரண்டையும் தராசின் இரு தட்டாக வைத்துப் பேசுவது இத்துறை எழுத்துக்களிற் பொது வழக்கு. ஒன்று உயர மற்றது தாழும் என்பது அவ்வுருவகத்தின் உட்கிடை. வடகடலின் அண்மைக்கால வரலாறு அதற்கு இசைவதாயில்லை.

பாக்கு நீரிணையை ஒட்டிய இக்கடல் ஆழமற்றது. பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீற்றருக்குள் அடங்குவது. அடியிற் சாதாழை படர்ந்த தரை. இறாலும் கடலட்டையும் ஒட்டியும் ஓராவும் அதனை நம்பியிருப்பன. அருகிவரும் கடற்பசுவின் மேய்ச்சல் நிலமும் அதுவே. இத்தகைய தரையில் இழுவைமடி போடுவது, பயிர் நிற்கும் வயலை மீனுக்காக உழுவதை ஒக்கும். போர் முடிந்து மீளவும் கடலுக்கிறங்கிய வடபுலத்துத் தொழிலாளர், தமிழ்நாட்டு இழுவைப் படகுகள் வலைகளை அறுத்துச் செல்வதையும் தரையை வாரிச் செல்வதையும் கண்டு எழுப்பிய கோரிக்கையில், ஓர் உயிரியலாளரும் மறுக்கமுடியாத பாதுகாப்புக் கொள்கை அடங்கியிருந்தது: இழுவைமடியை முற்றாகத் தடைசெய்க. 2010 ஓகஸ்டில் இருகரைத் தொழிலாளரும் சென்னையிற் கூடிப் பேசி, அம்முறையை ஓராண்டுக்குள் கைவிடுவது என்ற உடன்பாட்டுக்கும் வந்தனர். அரசாங்கங்கள் அதனைச் செயற்படுத்தவில்லை. பின்னர் யாழ்ப்பாணப் பாராளுமன்ற உறுப்பினர் எம். ஏ. சுமந்திரன் தனிநபர் சட்டமூலமாக முன்வைத்த தடை, 2017 யூலையில், 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் நீரியல்வளச் சட்டத்துக்கான திருத்தமாக நிறைவேறிற்று.

இச்சட்டத்தின் சிறப்பு, அது அயலவனை மாத்திரம் தடுக்கவில்லை என்பது. குருநகரிலும் மன்னார்ப் பேசாலையிலும் உள்ளூர் இழுவைப் படகுகள் இருந்தன. அவற்றின் சொந்தக்காரர் கடனில் வாங்கிய இயந்திரத்தோடு நின்றனர். தடை தம்மவரையும் தாக்கும் என்று தெரிந்தே பெரும்பாலான சங்கங்கள் அதனைக் கேட்டன. 2015இன் பூங்காக்கள் மேலிருந்து வந்தவை. 2017இன் தடை கீழிருந்து எழுந்தது. எது கூடிய நீர்ப்பரப்பை, கூடிய உயிரினத்தைக் காக்கவல்லது என்று கேட்டால், பூங்கா என்னும் பெயரே பெறாத பின்னதுதான் என்று விடைகூற வேண்டியிருக்கும். குறையில்லை என்பதல்ல. படகை இழந்தவனுக்கு மாற்றுத் தொழில் என்ன என்பதற்குச் சட்டம் விடை வைத்திருக்கவில்லை. உள்ளூர்ச் சங்கங்கள் அயலவனின் றோலரைப் பற்றிப் பேசும் குரலில், தம் கரையின் தங்கூசி வலையையும் சுருக்குவலையையும் இரவு வெளிச்சம் பாய்ச்சிப் பிடிப்பதையும் வெடிவைப்பதையும் பேசுவதில்லை. அவற்றைப் பேசாத வரையில் அவர்களுடைய பாதுகாப்பு வாதம் பாதி வாதமே.

(2021 யூனில், பாவனைக்குதவாத பழைய பேருந்துகள் வடகடலில் இறக்கப்பட்டன. மீன் உறைவிடமாகவும் இழுவை மடிக்குத் தடையாகவும் அமையும் என்று கூறப்பட்டது. சட்டத்தால் நிறுத்தமுடியாததை இரும்பால் நிறுத்த நேர்ந்தமை, சட்டத்தைப் பற்றிய ஒரு விமரிசனமாகவே எனக்குத் தோன்றுகின்றது.)

பரவைக்கடலின் நிலையோ வேறொரு திசையிற் போயிற்று. ஆவணங்களிற் கடனீரேரி எனப்படும் அந்நீரில், கடந்த சில ஆண்டுகளாகக் கடலட்டைப் பண்ணைகள் பெருகின. 2021இல் கௌதாரிமுனையில் வெளிநாட்டு நிறுவனமொன்றின் பண்ணை பற்றி எழுந்த சர்ச்சையும், பின்னர் கிராஞ்சியில் நிகழ்ந்த தொடர் போராட்டமும் பத்திரிகை வாசகர் அறிந்தவை. இங்கே கம்பும் வலையும் கொண்டு நீர் கூறுகூறாக அடைக்கப்படுகின்றது. பண்ணை எடுத்தவன் உள்ளூரவனாகவே இருக்கலாம். அவனளவில் அது பங்கேற்பே. ஆனால் அவ்வேலிக்கு வெளியே இறாற்கூடு வைப்பவனுக்கும், மீன் உட்புகும் வாய்க்காலுக்கும், சாதாழைத் தரைக்கும் யார் பேசுவது? பூங்காவை அடைக்கும் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம், மீன்பிடி அனுமதி வழங்கும் கடற்றொழில் நீரியல்வளத் திணைக்களம், பண்ணைக்குரிய தேசிய நீரியல்வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை, கரைக்குரிய கரையோரம் பேணல் திணைக்களம் எனத் தனித்தனிச் சட்டங்கள் ஒரே முழங்காலளவு நீரில் நிற்கின்றன. 1996ஆம் ஆண்டுச் சட்டம், தொழிலாளரின் குழுக்களோடு கூடிய மீன்பிடி முகாமைத்துவப் பகுதிகளை வகுக்க இடமளிக்கின்றது. பங்கேற்புக்குச் சட்டத்தில் திறந்துள்ள கதவு அதுதான். பூங்காக்கள் அக்கதவின் வழியாக வரவில்லை. வேறொரு திணைக்களத்தின் வேறொரு சட்டத்தின் வழியாக வந்தன.

மேலிருந்து கீறப்பட்ட கோடு மக்களுக்கு மாத்திரம் ஆபத்தானதன்று; பாதுகாப்பை விரும்புவோருக்கும் ஆபத்தானதே. மன்னார் மாவட்டத்தின் விடத்தல்தீவு 2016இல் 29,180 ஹெக்டேயர் பரப்புடைய இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் அதன் ஒரு பகுதியை நீரியல்வளர்ப்புக்காக விடுவிக்கும் வர்த்தமானி வெளிவந்தது. சூழலியல் அமைப்புகள் உயர் நீதிமன்றம் ஏறின. பேனாவாற் கீறிய கோடு பேனாவாலேயே அழிபடும். அக்கோட்டைத் தமது பாடாகக் கொண்ட மக்கள் கரையில் இருந்திருப்பின், அதனை அழிக்க முன்வருபவர் முதலில் அவர்களைக் கடந்தாக வேண்டும். பங்கேற்பை ஒரு மரியாதைச் சடங்காக நோக்கும் சூழலியலாளர், அதனைத் தமது இலட்சியத்தின் காப்பரணாக இன்னும் காணவில்லை என்பதே என் கருத்து.

இதற்கு அயல்நாட்டு அனுபவங்கள் இரண்டு துணைசெய்யும். பிலிப்பைன்சின் சிலிமான் பல்கலைக்கழக உயிரியலாளர் ஏஞ்சல் அல்காலாவும் அவருடைய சகாக்களும், சுமிலோன் தீவில் 1974இலும் அப்போ தீவில் 1982இலும் மீன்பிடி விலக்கப்பட்ட பகுதிகளை அமைக்கத் துணைநின்றனர். ஒரே பல்கலைக்கழகம், ஒரே விஞ்ஞானம். சுமிலோனில், பயன்படுத்தும் மீனவரின் இசைவைப் பெறாது நகராட்சியின் கட்டளையோடு தொடங்கிய காப்பு, உள்ளூர் அரசியல் மாறியதும் 1980களில் உடைந்தது. உடைந்தபின் சூழவுள்ள மீனவரின் பிடியும் வீழ்ந்தது. அப்போவில் சில ஆண்டுகள் குடும்பங்களோடு இருந்து பேசினர். இடத்தைத் தெரிந்தவர்களும் காவல் செய்தவர்களும் தீவினரே. அது நிலைத்தது. பின்னர் 1994இல் அரசாங்கம் அத்தீவைத் தேசிய காப்பகமாகத் தன் பொறுப்பில் எடுத்ததும், தீர்மானம் தீவைவிட்டுப் போயிற்று என்றும் பார்வையாளர் கட்டணத்தில் தமக்குரிய பகுதி தாமதமாகின்றது என்றும் தீவினர் முறையிட்டமையும் பதிவாகியுள்ளது. வெற்றியை அரசு தழுவிக்கொள்வதும் ஒரு வகை இழப்பே.

நமக்கு அண்மையிலுள்ள மன்னார் வளைகுடாவின் அக்கரையில், 1986இல் 21 தீவுகளைக் கொண்ட 560 சதுர கிலோமீற்றர்த் தேசியப் பூங்காவும், 1989இல் அதனைச் சூழ 10,500 சதுர கிலோமீற்றர் உயிர்க்கோளக் காப்பகமும் அமைந்தன. தீவுகளில் கடற்பாசி சேகரித்து வாழ்ந்த பெண்கள் ஒரேயடியாக அத்துமீறுவோராயினர். அவர்கள் செய்தது கவனத்துக்குரியது: மாதத்தில் 12 நாட்கள் மாத்திரமே கடலுக்கிறங்குவது, பவளப்பாரைச் சுரண்டும் இரும்புக் கருவியை விடுவது என்று தமக்குத் தாமே விதி வகுத்தனர். பூங்காவின் சட்டத்தில் அவ்விதிக்கு ஓர் இடம் கொடுத்திருந்தால், காவலர் தொகை பன்மடங்காகியிருக்கும். மறுபுறம், இந்திய அரசு 2001இல் கடலட்டையை முற்றிலும் தடைசெய்தது. நம் கரையில் அது அனுமதிபெற்ற தொழில், ஏற்றுமதிப் பொருள். ஒரே நீரில் ஒரே உயிர், நடுக்கோட்டின் ஒருபுறம் குற்றம், மறுபுறம் அந்நியச் செலாவணி. கடத்தல் வளராது வேறென்ன வளரும்?

2022 திசெம்பரில் மொன்றியலில் நிறைவேறிய உயிர்ப்பல்வகைமைக் கட்டமைப்பு, 2030ஆம் ஆண்டுக்குள் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டைப் பாதுகாக்கவேண்டும் என்று இலக்கு வைத்தது. எனவே வடகடலில் இன்னும் கோடுகள் கீறப்படும் என்பதில் ஐயமில்லை. அக்கோடுகளை எழுதுவோரிடம் இரண்டைக் கேட்பது மிகையாகாது. எண்ணிக்கையின் எல்லையை விஞ்ஞானம் கூறட்டும். எவ்வளவு எடுத்தால் இனம் அழியும் என்பது வாக்கெடுப்பிற் தீரும் பொருளன்று, மாவெல்ல அதனைக் காட்டிற்று. ஆனால் எந்த இடம், எந்தப் பருவம், எவன் காவல், மீறியவனுக்கு என்ன என்பவை, அந்நீரிற் பாடுபடுவோர் கூடியிருந்து, பெண்களும் வள்ளமற்றவரும் உட்பட, தீர்மானிக்க வேண்டியவை. அத்தீர்மானத்துக்குச் சட்டப் பெறுமதி இருக்கவேண்டும். கலந்துரையாடற் குறிப்பேட்டில் ஒரு வரியாக அது முடிந்துவிடலாகாது.

இறுதியாக, மீண்டும் எழுத்துக்கே வருவோம். வர்த்தமானி அட்டவணை எல்லையைப் பாகையிலும் கலையிலும் எழுதுகின்றது. கடலில் நிற்பவன் கரையைப் பார்த்தே தன் இடத்தை அறிகின்றான்: கோயிற் கோபுரத்தைப் பனங்கூடலின் விளிம்போடும், தேவாலய முகப்பை வெளிச்சவீட்டோடும் நேர்வைத்துப் பார்த்துப் பாரின் தொடக்கத்தையும் முடிவையும் சொல்லிவிடுவான். இன்று கைத்தொலைபேசியும் திசைகாட்டும் கருவியும் வள்ளத்தில் ஏறிவிட்டன. ஆயினும் பரவைக்கடலில் நடந்து தொழில் செய்பவனுக்குக் கரைக்குறிகளே வரைபடம். அவை எங்கும் முறையாக எழுதிவைக்கப்படாதன, முதியவர்களோடு போய்க்கொண்டிருப்பன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கடற்றொழில் விஞ்ஞானமும் புவியியலும் தமிழும் ஒரே வளாகத்திற் கற்பிக்கப்படுகின்றன. வாடை ஓய்ந்து கடல் தணியும் மாதங்களில் இரு மாணவர் வள்ளமேறிச் சென்று, எந்தப் பனைக்கு நேரே எந்தக் கோபுரம் வரும்போது சாதாழைத் தரை தொடங்குகின்றது, அதற்கு ஊரவர் வைத்திருக்கும் பெயர் என்ன, அங்கே எந்தப் பருவத்தில் வலையிடுவதில்லை என்று கேட்டு எழுதினால், அடுத்த அட்டவணைக்கு வேண்டிய முதற்படி ஆயத்தமாகிவிடும்.